முன்பின் தெரியாத கோட்பேஸில் வழி பிடிப்பது எப்படி?

பெருந்துறையிலோ சத்தியமங்கலத்திலோ பொறியியல் முடித்துவிட்டுச் கோவை சரவணம்பட்டிப் பக்கம் மென்பொருள் வேலைக்குச் சேரும் பிள்ளைகளில் பலருக்கு முதல் வாரத்தில் ஒரே மாதிரி பயம் வருகிறது. கல்லூரியில் செய்த ப்ராஜெக்ட் பத்திருபது ஃபைலில் முடிந்திருக்கும். அதில் ஒவ்வொரு வரியையும் தானோ கூடப் படித்தவரோ எழுதியிருப்பார்கள். இங்கே ஒரு லேப்டாப்பையும் ஒரு ரிப்போவின் (நிரலை அதன் வரலாற்றோடு சேமித்து வைக்கும் இடம்) முகவரியையும் கொடுத்து, "க்ளோன் பண்ணிப் பாத்துட்டு இருங்க தம்பி" என்று, அதாவது அதை நகலெடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு டீம் லீட் மீட்டிங்குக்குப் போய்விடுவார். திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். எழுதியவர்களில் பாதிப்பேர் இப்போது அந்த நிறுவனத்திலேயே இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

ஒரு மென்பொருளுக்கான மூல நிரல் (கோடு) முழுவதையும், அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்டுகள், கட்டமைப்பு ஃபைல்கள், டேட்டாபேஸ் மாற்றக் குறிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கோட்பேஸ் என்கிறோம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய கோட்பேஸை யாரும் முழுவதும் படிப்பதில்லை. 1991-ல் தொடங்கிய, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இன்று 3 கோடி வரிகளுக்கு மேல் இருக்கிறது. அதில் வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு பகுதியைத்தான் ஆழமாக அறிவார்கள். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று பார்ப்பதற்காகவே அதன் மேல்மட்ட ஃபோல்டரில் 'மெயின்டெய்னர்ஸ்' என்று ஒரு ஃபைல் வைத்திருக்கிறார்கள். உங்கள் டீம் லீட்டின் நிலைமையும் இதுதான். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது உங்கள் எண்ணம். எங்கே தேடினால் கிடைக்கும் என்பதுதான் அவருக்குத் தெரியும். நீங்கள் கற்க வேண்டியதும் அதுவே.

ஆகவே முதல் ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழே படிக்க உட்காராதீர்கள். கோட்பேஸுக்குள் ஒரு கேள்வியோடு போங்கள், அந்தக் கேள்வி சின்னதாக இருக்கட்டும். "இந்த சாஃப்ட்வேர் எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டால் அதற்கு முடிவே கிடையாது. "இந்த ஸ்கிரீனில் சேவ் பட்டனை அழுத்தினால் வருகிற இந்தப் பிழைச்செய்தி எந்த வரியிலிருந்து வருகிறது?" என்று கேட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதில் கிடைத்துவிடும். கிடைத்த பதில் அடுத்த கேள்வியைக் காட்டிக் கொடுக்கும்.

ஓடவிடுங்கள், பயன்படுத்திப் பாருங்கள்

கேள்வி வர வேண்டுமென்றால் மென்பொருள் உங்கள் கணினியில் ஓட வேண்டும். கோட்பேஸோடு வரும் ரீட்மீ என்ற வழிமுறைக் குறிப்பு ஃபைலைப் படித்து அதன்படி செய்யுங்கள். அது பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது, கோடைத் தானாகவே பில்ட் செய்து (ஓடக்கூடிய மென்பொருளாக்கி) சோதிக்கும் சிஐ அமைப்புக்கான ஃபைலைப் பாருங்கள். தினமும் ஓடுவதால் அதில் பொய் இருக்க முடியாது. மென்பொருளின் பல பாகங்களைச் சேர்த்து ஓடவைக்கும் டாக்கர் கம்போஸ் ஃபைல் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். எந்த டேட்டாபேஸ், எந்த க்யூ (வேலைகள் வரிசையில் காத்திருக்கும் இடம்), எத்தனை சர்வீஸ்கள் என்று ஒரே பக்கத்தில் வரைபடம் போலத் தெரிந்துவிடும். ஓடவைக்கவே ஒன்றிரண்டு நாள் போகலாம், அது வீண் இல்லை.

ஓடியதும் கோடைத் திறக்காமல், அந்த மென்பொருளை அதன் பயனர் எப்படிப் பயன்படுத்துவாரோ அப்படி ஒரு மணி நேரம் பயன்படுத்துங்கள். மெனுவில் என்னென்ன இருக்கிறது, எந்த ஸ்கிரீனிலிருந்து எதற்குப் போகிறது என்று பாருங்கள். இதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்கிரீனில் பார்த்த பெயர்கள்தான் பிறகு ஃபோல்டர் பெயராகவும் டேட்டாபேஸ் டேபிள் பெயராகவும் வந்து நிற்கும்.

தொழிலைக் கேளுங்கள்

நம் கொங்குப் பகுதியில் எழுதப்படும் மென்பொருளில் ஒரு பங்கு இங்குள்ள தொழில்களுக்கானது. பின்னலாடை, நூற்பாலை, பம்ப்செட், கோழிப்பண்ணை, பஸ் பாடி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. அந்தக் கணக்குத் தெரியாமல் கோடை மட்டும் வைத்துக்கொண்டு முட்டினால் பாதிக் கதவு திறக்காது. என்னைக் கேட்டால், மற்ற எல்லா உத்திகளையும்விட இதைத்தான் முதலில் சொல்வேன்.

திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றுக்கான மென்பொருள் உங்கள் கையில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் வேலை நடக்கும் வரிசை இது: நூல் வாங்குவார்கள், நிட்டிங்குக்குப் போகும், சாயமேற்றாத கிரே துணியாக வரும், சாயம் போட டையிங் போகும், பிறகு சுருங்காமலிருக்கக் காம்பாக்டிங் ஆகும், பிறகு கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் பல வேலைகள் வெளியே கூலிக்குச் செய்து வாங்கும் ஜாப் ஒர்க்குக்குப் போய்வரும். போகும்போது ஒரு டெலிவரி சலான் போடுவார்கள். அதைத்தான் எல்லோரும் டிசி என்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்துகொண்டு கோடைத் திறந்தால், டிசி என்று தொடங்கும் பல டேபிள்கள் ஏன் இருக்கின்றன என்று தானாகவே புரியும். இன்னொன்றும் கண்ணில் படும். கட்டிங் வரைக்கும் எல்லாக் கணக்கும் கிலோவில் ஓடும், கட்டிங்குக்குப் பிறகு பீஸுக்கு மாறிவிடும். அளவு மாறுகிற அந்த இடத்தில் மென்பொருளும் இரண்டாகப் பிரிந்திருப்பதைப் பார்க்கலாம். சரக்கு இருப்பு பற்றிய குழப்பமான பிழைகள் அந்த எல்லையில் ஒளிந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

டையிங்குக்கு 100 கிலோ அனுப்பினால் 100 கிலோ திரும்பாது. ப்ராசஸ் லாஸ் என்று கொஞ்சம் குறையும். கோடில் ஓர் இடத்தில் வந்த எடையை 0.93-ஆல் வகுத்திருப்பார்கள், பக்கத்தில் ஒரு விளக்கமும் இருக்காது. கோடை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஏன் என்று என்றைக்கும் தெரியாது. அந்த நிறுவனத்தின் துணிப் பிரிவு மேனேஜருக்கு ஒரு போன் போட்டு, "ஏனுங்ண்ணா, டையிங் லாஸ் எவ்வளவு போடறீங்க?" என்று கேட்டால், "அது துணிக்குத் துணி, கலருக்குக் கலர் மாறுமுங்க தம்பி" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசுவார். அந்தப் பேச்சிலேயே, நூற்றுக்கு ஏழு குறையும் என்று எல்லாத் துணிக்கும் ஒரே எண்ணைப் போட்டு வைத்திருப்பது ஒரு பிழை என்றும் பிடிபட்டுவிடும்.

சட்டமும் இப்படித்தான் கோடுக்குள் வந்து உட்காரும். '50000' என்றும் '100000' என்றும் இரண்டு எண்கள் ஒரு ஃபங்ஷனில் (ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டு) கிடந்தால், அது சரக்கு அனுப்ப ஜிஎஸ்டி சட்டப்படி எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில் பற்றியதாக இருக்கலாம். அது தேவைப்படும் சரக்கு மதிப்பின் பொதுவான வரம்பு 50,000 ரூபாய். தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு போனால் வரம்பு 1 லட்சம். வேறு மாநிலத்துக்கு ஜாப் ஒர்க்குக்காக அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். இந்த மூன்று விதிகளும் தெரிந்தவர் அந்த ஃபங்ஷனை ஒரு நிமிடத்தில் படித்துவிடுவார்.

ஒரு வரியைப் பிடித்து உள்ளே போவது

இப்போது கேள்விக்கு வருவோம். டிசி ஸ்கிரீனில் எடையைப் போட்டுச் சேவ் அழுத்தினால் 'எடை இருப்பைவிட அதிகம்' என்று வருகிறது. எங்கிருந்து?

எளிய வழி, அந்தச் செய்தியையே கோட்பேஸ் முழுவதும் தேடுவது. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியின் 'கிட் கிரெப்' கட்டளை போதும். 'ரிப்கிரெப்' என்ற கருவி இருந்தால் இன்னும் நல்லது, மிக வேகமாகத் தேடும். செய்தியின் நடுவில் எண்ணோ பெயரோ வந்தால் அதை விட்டுவிட்டு, மாறாத சொற்களை மட்டும் தேடுங்கள். ஸ்கிரீனில் '112 கிலோ' என்று தெரிவது கோடில் ஒரு மாறியாகத்தான் இருக்கும். பல மொழிகளில் ஓடும் மென்பொருளானால் செய்தி மொழிபெயர்ப்பு ஃபைலில்தான் அகப்படும். அங்கே அதற்கு ஒரு குறியீட்டுப் பெயர் இருக்கும், அந்தப் பெயரை மறுபடி தேட வேண்டும்.

இடம் கிடைத்ததும் அங்கே ஒரு ப்ரேக்பாயிண்ட் (ஓட்டத்தை நிறுத்தும் குறி) வையுங்கள். ஓட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கரில் மென்பொருளை ஓடவிட்டு, மறுபடி சேவ் அழுத்துங்கள். ஓட்டம் அந்த வரியில் நிற்கும். அப்போது 'கால் ஸ்டாக்' என்ற பகுதியைப் பாருங்கள். எந்த ஃபங்ஷன் எதை அழைத்து, அது எதை அழைத்து இங்கே வந்து சேர்ந்தது என்ற வரிசை முழுவதும் அதில் இருக்கும். ஒரு நாள் முழுக்கப் படித்தாலும் கிடைக்காத வழி ஒரே கிளிக்கில் வந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் டீபக்கரைப் பிழை தேடும் கருவியாக மட்டும் நினைக்கிறார்கள். ஊர் தெரியாத இடத்தில் வழி காட்டுவதற்கு அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

அந்த ஸ்டாக்கைப் பிடித்துக்கொண்டு மேலேயும் கீழேயும் போய்ப் பாருங்கள். பட்டனிலிருந்து டேட்டாபேஸில் ஒரு வரி எழுதப்படும் வரைக்கும் ஒரே ஒரு வேலையைத் தலையிலிருந்து வால் வரை பார்க்க வேண்டும். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டில் பிரியும் வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கரையோரமாகவே நடந்து போனால் எந்த மடை எந்த வயலுக்கு, எங்கே வளைகிறது, எங்கே கழிவுநீர் வந்து சேர்கிறது என்பதெல்லாம் போகிற போக்கில் தெரிந்துவிடும். சுற்றியுள்ள ஊர்களை எல்லாம் பார்த்து முடித்திருக்க மாட்டோம், ஆனால் அந்தப் பக்கத்தில் இனி வழி தவறாது. கோடிலும் ஒரு வழியை முழுவதும் நடந்து முடித்தால் அடுத்த ஸ்கிரீனின் வழி முக்கால்வாசி இதே மாதிரிதான் இருக்கும். ஒரே குழு எழுதிய கோடில் ஒரு பழக்கம் திரும்பத் திரும்ப வரும்.

நடக்கும்போது எதிர்ப்படும் எல்லா ஃபங்ஷனுக்குள்ளும் நுழையாதீர்கள். பெயரைப் பார்த்து 'இது வரி கணக்கிடுகிறது போல' என்று நம்பித் தாண்டிப் போங்கள். உங்கள் கேள்விக்குத் தேவைப்பட்டால் மட்டும் உள்ளே போங்கள். எடிட்டரில் ஒரு பெயரின் மேல் நின்று எஃப்12 அழுத்தினால் அது எழுதப்பட்ட இடத்துக்குப் போகலாம், ஷிஃப்ட்டோடு அழுத்தினால் அது பயன்படும் எல்லா இடங்களும் வரும். இது 'விஎஸ் கோட்' என்ற எடிட்டரில். மற்ற எடிட்டர்களிலும் இதே வசதி வேறு பட்டன்களில் இருக்கிறது.

டேபிள்களையும் பார்த்துவிடுங்கள். ஸ்கிரீன்கள் மாறும், ஃப்ரேம்வொர்க் மாறும், டேபிள்கள் லேசில் மாறாது. முக்கியமான ஐந்தாறு டேபிள்களையும் அவற்றை இணைக்கும் அம்புகளையும் பேனாவால் ஒரு தாளில் வரைந்துகொண்டால் அந்தத் தாள் மாதக்கணக்கில் உதவும்.

பழைய கமிட்டுகள் சொல்லும் கதை

கோடு என்ன செய்கிறது என்பது கோடிலேயே இருக்கிறது. ஏன் அப்படிச் செய்கிறது என்பது பெரும்பாலும் அதன் வரலாற்றில் இருக்கிறது. கிட்டில் ஒரு மாற்றத்தைக் குறிப்போடு பதிவதைத்தான் கமிட் என்கிறோம். 'கிட் பிளேம்' ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எந்த கமிட்டில் மாற்றினார் என்று சொல்லும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஆளைக் குற்றம் சொல்லவா அதைப் பார்க்கிறோம்? அந்த கமிட்டின் செய்தியையும், அதே கமிட்டில் கூடவே மாறிய மற்ற ஃபைல்களையும் பார்க்கத்தான்.

ஒரு ஃபங்ஷனில் தேதி 2017 ஜூலை 1-க்கு முன்னாலா பின்னாலா என்று ஒரு கிளை பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருக்கும், எடுத்துவிடலாமே என்று கை பரபரக்கும். அந்தத் தேதியில்தான் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பில்லை இன்றைக்குத் திறந்து அச்சடித்தால் பழைய வாட் கணக்குப்படியே வர வேண்டும். அந்தக் கிளை காரணத்தோடுதான் நிற்கிறது. பழைய கோடில் விசித்திரமாகத் தெரிகிற ஒன்றைத் தூக்கி எறிவதற்கு முன்னால் அது எப்போது, எதற்காக வந்தது என்று பாருங்கள். காரணம் தெரிந்த பிறகு எடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு.

கடைசியாக மாற்றியவர் வெறும் இடைவெளியைச் சரிசெய்தவராக இருந்தால் பிளேம் உதவாது. அப்போது 'கிட் லாக்' கட்டளையோடு மைனஸ் போட்டுப் பெரிய 'எஸ்' எழுத்தையும் தேட வேண்டிய சொல்லையும் கொடுங்கள். அந்தச் சொல் கோடில் சேர்ந்த கமிட்டுகளும் நீங்கிய கமிட்டுகளும் வரும். பலருக்கு இது தெரியாது.

பழகிப் பார்க்க ஒரு கோட்பேஸ்

வேலையில் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாம் தினமும் பயன்படுத்தும் கிட்டின் மூல நிரலே திறந்து கிடக்கிறது. 2005 ஏப்ரலில், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது, அந்த ஆண்டு ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ பராமரிக்கிறார். அதைக் க்ளோன் செய்துகொண்டு ஒரு கேள்வியோடு உள்ளே போங்கள்: என்னென்ன மாறியிருக்கிறது என்று பார்க்க 'கிட் ஸ்டேட்டஸ்' என்று அடித்தால் வருகிற 'நத்திங் டு கமிட், வொர்க்கிங் ட்ரீ க்ளீன்' என்ற செய்தி எங்கே இருக்கிறது?

நுழைவாயிலிலிருந்து போவது ஒரு வழி. மேல்மட்டத்தில் 'கிட் டாட் சி' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் ஒரு நீண்ட பட்டியல்: ஒவ்வொரு கட்டளையின் பெயரும், அதற்கு எதிரே அதைச் செய்யும் ஃபங்ஷனும். பல கோட்பேஸ்களில் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். வெப் மென்பொருளில் அதை ரூட்டிங் என்பார்கள். அது அகப்பட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தாலே ஒரு செய்தி கிடைக்கும். 'ஸ்டேஜ்' என்ற கட்டளைக்கு எதிரே 'ஆட்' கட்டளையின் ஃபங்ஷன்தான் எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றே.

கட்டளைகளுக்கான கோடு 'பில்ட்இன்' ஃபோல்டரில் இருக்கிறது. ஆட் கட்டளைக்கு 'ஆட் டாட் சி'. அப்படியென்றால் ஸ்டேட்டஸுக்கு 'ஸ்டேட்டஸ் டாட் சி' இருக்க வேண்டுமே? இல்லை. ஃபங்ஷன் பெயரை வைத்துத் தேடினால் அது 'கமிட் டாட் சி' ஃபைலுக்குள் இருக்கிறது. ஏன் அங்கே? வரலாற்றைப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 2010-ல் வந்த 1.7.0 பதிப்புக்கு முன்னால், ஸ்டேட்டஸ் என்பது 'இப்போது கமிட் செய்தால் என்ன ஆகும்' என்று காட்டும் ஒத்திகையாகவே இருந்தது. அந்தப் பதிப்பில் தனிக் கட்டளையானது, இருந்த வீடு மட்டும் மாறவில்லை. ஃபைல் பெயரை நம்பித் தேடினால் இங்கே நின்றுவிடுவோம், ஃபங்ஷன் பெயரைத் தேடினால் வழி கிடைக்கும்.

செய்தியைத் தேடிப் போவது இன்னொரு வழி. அது மேல்மட்டத்தில் உள்ள 'டபிள்யூடி-ஸ்டேட்டஸ் டாட் சி' ஃபைலில் இருக்கிறது. 'வொர்க்கிங் ட்ரீ க்ளீன்' என்ற சொற்களைக் கிட் லாக்கில் பெரிய எஸ் போட்டுத் தேடினால், முன்பு அந்த இடத்தில் 'வொர்க்கிங் டைரக்டரி க்ளீன்' என்று இருந்ததும், 2016-ல் மாற்றப்பட்டதும் தெரியும். அப்புறம் 't' என்று தொடங்கி நான்கு எண்கள் வரும் பெயர்களோடு ஒரு டெஸ்ட் ஃபோல்டர் இருக்கிறது. அதில் 7508 என்ற எண் கொண்டது ஸ்டேட்டஸுக்கான டெஸ்ட். அதைத் திறந்து படியுங்கள். ஸ்டேட்டஸ் எந்தெந்தச் சூழ்நிலையில் என்ன காட்ட வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருக்கிறார்கள். டெஸ்டுகள் ஒழுங்காக இருக்கும் கோட்பேஸில் அவைதான் நம்பத்தக்க கையேடு.

இப்போது அந்தச் செய்தியில் ஒரு சொல்லை மாற்றி, பில்ட் செய்து, எந்த டெஸ்டுகள் உடைகின்றன என்று பாருங்கள். உடைகிற ஒவ்வொரு டெஸ்டும், அந்த வரியை நம்பியிருக்கிற ஓர் இடத்தைக் காட்டும். வேலையிடத்துக் கோட்பேஸிலும் இதைச் செய்யலாம். உங்கள் சொந்த பிராஞ்ச்சில், அதாவது மற்றவர்களைப் பாதிக்காத தனிக் கிளையில், வேண்டுமென்றே ஒரு வரியை உடைத்து, யார் கத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துவிடலாம்.

ஆளைக் கேட்பது

கேட்பதற்குக் கூச்சப்படுவது நம் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. 'இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ' என்று நாள் கணக்கில் மௌனமாக இருந்துவிடுகிறார்கள். சீனியருக்குச் சிரமம் தராமல் கேட்க ஒரு முறை உண்டு. "அக்கா, டிசி சேவ் ஆகறப்ப எடையச் சரிபாக்கற ஃபங்ஷன் வரைக்கும் வந்துட்டனுங்க. ரிட்டர்ன் டிசிக்கு மட்டும் அது ஓட மாட்டேங்குது. வேணும்னே விட்டதுங்களா?" இப்படிக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பதில் வரும். நீங்கள் எதுவரை வந்தீர்கள் என்பது அதிலேயே இருக்கிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் முட்டிப் பார்த்தும் நகரவில்லை என்றால் கேட்டுவிடுங்கள்.

ஏஐ உதவியாளரிடமும் கேட்கலாம். 'இது எந்த ஃபைலில் இருக்கக்கூடும்?' என்ற கேள்விக்கு அது நன்றாக உதவும். 'ஏன் இப்படி எழுதியிருக்கிறார்கள்?' என்று கேட்டால் அந்த நிறுவனத்தின் கதை தெரியாமலே பொருத்தமாகத் தோன்றும் ஒரு காரணத்தைச் சொல்லிவிடும். அது சொன்ன இடத்தில் ப்ரேக்பாயிண்ட் வைத்து, ஓட்டம் உண்மையிலேயே அங்கே நிற்கிறதா என்று பார்த்த பிறகு நம்புங்கள். நிறுவனத்தின் கோடை வெளியே உள்ள சேவையில் ஒட்ட அனுமதி இருக்கிறதா என்றும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்ததை எல்லாம் எழுதி வையுங்கள். எந்த ஸ்கிரீன் எந்த ஃபைல், 0.93 எதற்கு, எந்த டேபிளைத் தொட்டால் எது நகரும் என்று சின்னச் சின்ன வரிகளாகப் போதும். ரீட்மீயில் சொன்னபடி செய்து எந்தப் படியில் மாட்டிக்கொண்டீர்களோ, அந்தப் படியைத் திருத்தி அனுப்புவதே உங்கள் முதல் கமிட்டாக இருக்கலாம். பழகியவர்கள் கண்ணுக்கு அந்தக் குறை தெரியாது, புதியவருக்குத் தெரியும். ஆனால் சில வாரங்கள்தான் அப்படித் தெரியும், அதற்குப் பிறகு உங்களுக்கும் பழகிவிடும். அதனால் முதல் மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள்.